ஆசாரமும் அகமும்: பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ காட்டும் வெறுஞ்சமயம்

சமயங்கள் தம்மைப் பற்றிய கண்டனத்தையும் தம்முள்ளேயே கொண்டு வளர்வது வரலாறு காட்டும் உண்மையாகும். கிறிஸ்தவத்தைப் பொறுத்தவரை இக்கண்டனம் அதன் மூல நூல்களிலேயே இடம்பெற்றுள்ளது. நீதியைக் கைவிட்டவர் எடுக்கும் திருவிழாக்களை இறைவன் வெறுக்கிறான் என்றார் ஆமோஸ். உதட்டால் கிட்டி நின்று உள்ளத்தால் எட்டி நிற்கும் வழிபாட்டை இடித்துரைத்தார் ஏசாயா. நற்செய்தி நூல்களில் இயேசுவின் மிகக் கடுமையான சொற்கள், ஊரார் பாவிகளென ஒதுக்கியோரை நோக்கி எழவில்லை. சமய ஒழுக்கத்தில் தலைநின்றோரை நோக்கியே எழுந்தன.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயன், ஆயக்காரன் உவமை இதற்குத் தக்க சான்றாகும். வாரத்தில் இருமுறை நோன்பு நோற்று, வருவாயிற் பத்திலொன்றைக் காணிக்கையாக்கும் பரிசேயன், தான் மற்றையோரைப் போன்றவன் அல்லன் என்பதற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறான். ஏறெடுத்துப் பார்க்கவும் துணியாது மார்பில் அறைந்து இரக்கம் வேண்டிய ஆயக்காரனே நீதிமானாக வீடு திரும்புகிறான். உவமையின் பொருள் வெளிப்படையானது போலத் தோன்றினும் அதனுள் ஒரு பொறி உண்டு. அதனைக் கேட்டு முடித்தவன், தான் அந்தப் பரிசேயனைப் போன்றவன் அல்லன் என்று மனத்துள் மகிழ்வானாயின், அக்கணமே அவன் பரிசேயனாகிவிடுகிறான்.

வெறும் ஆசாரம், மெய்யான தனிப்பட்ட இறையுறவு என்னும் எதிர்நிலை, கடந்த சில நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ போதனையிற் பெரிதும் வழங்கி வருவதொன்று. சடங்கு, கோயில், குரு, எழுதிவைத்த மன்றாட்டு ஆகியன ஒருபுறம். மனமாற்றம், நேரடி அனுபவம், தன் சொற்களில் எழும் மன்றாட்டு ஆகியன மறுபுறம். முன்னவை பொய், பின்னவை மெய் என்பது எளிய தீர்ப்பு. இத்தீர்ப்புக்கு இலக்கிய வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவராக ஜோன் பனியன் (1628-1688) கருதப்படுவதுண்டு. ஆயின், 1678இல் வெளிவந்த அவரது ‘மோட்சப் பிரயாணம்’ கூர்ந்து நோக்கப்படின், அது இத்தீர்ப்போடு நின்றுவிடவில்லை என்பது புலனாகும். வெறுமை ஆசாரத்தில் மட்டும் குடியிருப்பதன்று. அனுபவம் பற்றிய பேச்சிலும், உள்ளத்தின் உறுதியிலுங்கூட அது குடிபுகக் கூடும். அந்நூல் உணர்த்தும் ஆழ்ந்த செய்தி இதுவே. அச்செய்தியை ஆராய்வதும் அதன் எல்லைகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலமும் களமும்

பனியன், பெட்போர்ட் நகரை அடுத்த எல்ஸ்ரோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையைப் போலவே ஓட்டைப் பாத்திரங்களை ஒட்டித் திருத்தும் தொழிலைச் செய்தவர். உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையிற் சேர்ந்து பணியாற்றினார். பல்கலைக்கழகக் கல்வியோ குருப்பட்டமோ அவருக்கு இருந்ததில்லை.

அக்கால இங்கிலாந்தில் சமயம் அரசியலினின்றும் வேறானதாக இருக்கவில்லை. பங்குக் கோயிலுக்கு வராது புறம்பே கூடி வழிபடுவோரைத் தண்டிக்கும் சட்டம் எலிசபெத் அரசியாரின் காலத்தில், 1593இல், இயற்றப்பட்டிருந்தது. 1660இல் முடியாட்சி மீண்டபோது பனியன் கைதாகி அச்சட்டத்தின் கீழேயே விசாரிக்கப்பட்டார். 1662இன் ஒருமைப்பாட்டுச் சட்டம் பொது மன்றாட்டு நூலை முற்றாக ஏற்குமாறு குருமாரைக் கட்டாயப்படுத்தியது. 1660ஆம் ஆண்டிற்கும் 1662ஆம் ஆண்டிற்கும் இடையில் ஏறத்தாழ 2,000 குருமார் தம் பதவிகளை இழந்தனர். பனியனின் விசாரணையில் நீதிபதியோடு நடந்த வாதத்தின் ஒரு பெரும்பகுதி இம்மன்றாட்டு நூலைப் பற்றியதாகவே அமைந்தது. பிறர் எழுதிவைத்த சொற்களை ஒப்புவிப்பது மன்றாட்டு ஆகாது, ஆவியின் தூண்டலால் உள்ளத்திலிருந்து எழுவதே மன்றாட்டு என்பது அவரது நிலைப்பாடு. இனிப் போதிப்பதில்லை என ஒரு வாக்குறுதி அளித்திருப்பின் அவர் விடுதலை பெற்றிருப்பார். பார்வையற்ற மூத்த மகள் உட்பட நான்கு பிள்ளைகள் வீட்டிலிருக்க, அவ்வாக்குறுதியை அளிக்க மறுத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சிறையிற் கழித்தார்.

இப்பின்னணியில் ‘தனிப்பட்ட இறையுறவு’ என்பது வெறும் ஆன்மிக மனநிலையைக் குறிக்கும் தொடர் அன்று. குருவின் இடையீடும் அரசின் அனுமதியும் இன்றி இறைவனோடு பேசவும் இறைவனைப் பற்றிப் பேசவும் பாத்திரம் ஒட்டுபவனுக்கும் உரிமை உண்டு என்னும் சமூகக் கோரிக்கையும் அதனுள் அடங்கியிருந்தது. கிறிஸ்தோபர் ஹில் முதலான வரலாற்றாசிரியர்கள் பனியனை இக்கோணத்திலிருந்து விளக்கியுள்ளனர். எனினும் சமூகக் காரணிகளால் மட்டும் அவரது படைப்பு விளங்கிவிடுவதில்லை. அரசாங்கச் சமயத்தை எதிர்த்தவர் தம் அணியினரின் சமயத்தை அதனினும் கடுமையாகச் சோதித்தார் என்பதே அவரை ஏனைய சமய வாதிகளினின்றும் வேறுபடுத்துவது.

மணியோசையும் ஏழைப் பெண்களும்

இச்சோதனையின் வேர் அவரது சொந்த வாழ்விலேயே உள்ளது. சிறையிலிருந்தபடி எழுதி 1666இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலிற் பனியன் தம் சமய வாழ்வின் படிகளை விரித்துரைக்கிறார். மணமான புதிதில் அவர் நாளொன்றுக்கு இருமுறை கோயிலுக்குச் சென்று முன்வரிசையாரோடு நின்றார். பீடம், குருவானவர், அவரது உடை, வழிபாட்டு முறை யாவும் அவருக்குப் புனிதமாகத் தோன்றின. ஆனால், அவரது வாழ்வில் எதுவும் மாறவில்லை.

அடுத்த படியில் ஒழுக்கத் திருத்தம் வந்தது. ஆணையிட்டுப் பேசுவதை விட்டார், விவிலியம் படித்தார். அயலார் அவரைத் தெய்வபக்தர் எனப் புகழலாயினர். அப்புகழ் அவருக்கு இனித்தது. கோயில் மணியடிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. அது வீண் இன்பம் எனக் கருதி அதனைக் கைவிட்ட பின்னரும், மணிக்கூண்டினருகே சென்று பிறர் அடிப்பதைப் பார்த்து நிற்பார். மணி அறுந்து தம்மேல் விழுந்தால் என்ன செய்வது என்று அஞ்சிக் குறுக்குச் சட்டத்தின் கீழ் ஒதுங்கினார். சுவரில் மோதி மணி தம்மேற் பாயலாம் என்று எண்ணி வாயிற்படிக்கு நகர்ந்தார். ஈற்றிற் கோபுரமே சரிந்துவிடக் கூடுமென அஞ்சி ஓடினார். இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும், அச்சத்தை அடித்தளமாகக் கொண்ட ஒழுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சித்திரம் அரிது. அவர் ஆசையைத் துறந்தார். ஆசை அவரைத் துறக்கவில்லை. இரண்டிற்கும் இடையே அச்சமொன்றே காவல் நின்றது.

மூன்றாவது படி முக்கியமானது. தொழிலின் நிமித்தம் பெட்போர்ட் நகருக்குச் சென்ற ஒரு நாள், வீட்டு வாயிலில் வெயிலில் அமர்ந்து மூன்று நான்கு ஏழைப் பெண்கள் உரையாடிக்கொண்டிருப்பதை அவர் கேட்டார். அவர்கள் இறைவன் தம் உள்ளத்திற் செய்தவற்றைப் பற்றிப் பேசினர். தம் குறைகளையும் மறைக்காது பேசினர். மகிழ்ச்சியே அவர்களைப் பேசவைப்பது போன்றிருந்தது. அதுவரை சமய விடயங்களிற் சளைக்காது பேசவல்லவராயிருந்த பனியன், அவர்கள் பேசும் மொழி தமக்குத் தெரியாதது என்பதை அங்கே உணர்ந்தார். கற்ற குருமாரிடமன்றி ஏழைப் பெண்களிடம் அவர் தம் வெறுமையைக் கண்டார்.

இங்கு ஒரு சொல் கவனத்திற்குரியது. சமயப் பேச்சில் தாம் சுறுசுறுப்பானவராயிருந்ததைக் குறிக்கப் பனியன் கையாளும் அதே ஆங்கில அடைமொழியை, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வந்த ‘மோட்சப் பிரயாணத்’தில், பாதைக்குள் குறுக்கு வழியே நுழையும் ஓர் இளைஞனுக்கும் சூட்டுகிறார். அவ்விளைஞனே நூலின் ஈற்றில் மோட்ச வாயிலிலிருந்து தள்ளப்படுபவன். எனவே அந்நூலின் போலிப் பக்தர்கள் ஆசிரியரின் எதிரிகளைப் பார்த்து வரைந்த கேலிச் சித்திரங்கள் மட்டும் அல்லர். அவர் கடந்து வந்த தம் பழைய முகங்களுமாவர். அங்கதம் தன்னையே குறியாகக் கொள்ளும்போதுதான் அது இலக்கியமாகிறது.

மதிலேறி வந்தோர்

நூலின் கதை யாவரும் அறிந்ததே. அழிவின் நகரத்தில் வாழும் கிறிஸ்தியான், முதுகிற் சுமையோடும் கையில் ஒரு நூலோடும் புறப்பட்டு, இடுக்கமான வாயிலினூடாக நுழைந்து, சிலுவையடியிற் சுமை நீங்கப்பெற்று, பல இடர்களைத் தாண்டி விண்ணுலக நகரை அடைகிறான். வழியில் அவன் சந்திக்கும் போலிகளுள் முதலிற் குறிப்பிடத்தக்கோர் இருவர். அவர்களை ஆசாரன், வேடன் எனப் பொருள் தோன்ற அழைக்கலாம். இங்கு வேடன் என்பது வேடம் பூண்டவன் என்னும் பொருளது.

இவ்விருவரும் வாயில்வழி வாராது மதிலேறிக் குதித்துப் பாதையை அடைகின்றனர். வீண்பெருமை நாட்டிற் பிறந்த அவர்கள் புகழ் தேடிச் சீயோன் மலைக்குச் செல்கின்றனர். வாயில்வழி ஏன் வரவில்லை எனக் கிறிஸ்தியான் வினவ, வாயில் வெகு தொலைவில் உள்ளதென்றும், மதிலேறிக் குதிப்பதே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான தம் நாட்டு வழக்கமென்றும், நடுநிலையான நீதிபதி எவரும் அதனைச் சட்டபூர்வமானதென்றே ஏற்பார் என்றும் விடை கூறுகின்றனர். பாதைக்குள் வந்தாகிவிட்டது, எவ்வழியால் வந்தால் என்ன என்பது அவர்கள் வாதம்.

ஆசாரவாதத்தின் உட்கூறுகள் யாவும் இச்சிறு உரையாடலில் அடங்கியுள்ளன. வழக்கத்தின் பழமை உண்மைக்குச் சான்றாக்கப்படுகிறது. இறைவனோடு தீர்க்கவேண்டிய கணக்கு நீதிமன்ற வழக்காக மாற்றப்படுகிறது. பாதையில் இருப்பதும் பாதையால் மாற்றப்படுவதும் ஒன்றெனக் கொள்ளப்படுகிறது. ஆனால், பனியன் இவர்களை வாதத்தால் வெல்ல முயலவில்லை. தன் மேலாடையையும் நெற்றிக் குறியையும் முத்திரையிட்ட சுருளையும் கிறிஸ்தியான் சுட்டிக் கூற, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கின்றனர், அவ்வளவே. அவர்களை வெளிப்படுத்துவது வழியிற் குறுக்கிடும் ஒரு மலை. கிறிஸ்தியான் ஊற்றுநீரை அருந்தி மலைமேல் ஏறுகிறான். ஓட்டம் நடையாகி, நடை கையூன்றித் தவழ்தலாகிறது. மற்றைய இருவரும் மலையைச் சுற்றிச் செல்லும் எளிய வழிகளைத் தேர்ந்தெடுத்து அழிகின்றனர். ஆசாரத்தின் குறை அது ஆசாரமாயிருப்பதன்று. ஏற்றம் வரும்போது அது ஏறுவதில்லை என்பதே.

இதே பின்னலிற் பிறிதொரு நுட்பமும் உண்டு. மலையின் நடுவே அமைந்த இளைப்பாறும் பந்தரிற் கிறிஸ்தியான் உறங்கிப்போய்த் தன் சுருளைத் தவறவிடுகிறான். பின்னர் அழுதுகொண்டு வந்தவழியே திரும்பி நடக்கிறான். மெய்யான அனுபவம் பெற்றவனுக்கும் அது நிரந்தரச் சொத்தாகிவிடுவதில்லை. ஒருமுறை பெற்றதை என்றும் தன்னிடம் உள்ளதாக எண்ணி உறங்குவதும் ஒருவகை ஆசாரமே.

வாயாடியும் அறிவீனனும்

மேற்கூறிய இருவரும் புறச்சமயத்தின் பிரதிநிதிகள். வாயாடி என அழைக்கத்தக்க பாத்திரமோ பனியனின் சொந்த வட்டத்தைச் சேர்ந்தவன். மறுபிறப்பு, கிருபை, விசுவாசம், கிரியைகளின் போதாமை ஆகிய எதைப் பற்றியும் அவன் சரளமாகப் பேசுகிறான். நெருங்கிப் பார்ப்பதினும் தூரத்திற் பார்க்கையிலேயே அவன் அழகுடையவன் என்னும் வருணனை பொருள் பொதிந்தது. கிறிஸ்தியானின் தோழன் இவனைக் கண்டு முதலில் மயங்குகிறான். அவனது ஊரையும் வீட்டையும் அறிந்த கிறிஸ்தியானே உண்மையை உரைக்கிறான். வாயாடியின் வீட்டில் மன்றாட்டும் இல்லை, மனந்திரும்புதலும் இல்லை. வெளியில் அவன் தூயவன், வீட்டிற் பேய் என்பது அயலார் கூற்று. அவனுடைய பணியாளர் படும் பாடு சொல்லுந்தரமன்று.

இவன் சடங்காசாரி அல்லன் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. சடங்கை மறுப்போரின் கலைச்சொற்கள் யாவும் இவன் நாவில் உள்ளன. மன்றாட்டு நூலிற் பிறர் எழுதிய சொற்களை ஒப்புவிப்பவனுக்கும், தன் கூட்டத்தாரிடையே வழங்கும் அனுபவச் சொற்களை ஒப்புவிப்பவனுக்கும் உள்ள வேறுபாடு யாது? ஏட்டில் எழுதியதும் எழுதாததும் என்பதேயன்றி வேறில்லை. உள்ளன்பின் மொழியும் காலப்போக்கில் வாய்பாடாகிவிடும். சாட்சி பகர்தல் ஒரு சடங்காகலாம். கண்ணீரும் ஒரு முறைமையாகலாம். பனியன் தம் சபையாரை நோக்கி விடுத்த எச்சரிக்கை இது.

அறிவீனன் எனத்தக்க இளைஞன் இதனினும் சிக்கலானவன். இறுமாப்பு நாட்டிலிருந்து கோணல் ஒழுங்கையொன்றினூடாக அவன் பாதைக்கு வருகிறான். அவன் நோன்பு நோற்கிறான், தருமம் செய்கிறான், கடனைத் திருப்பிக் கொடுக்கிறான். அவன் வேடதாரி அல்லன். தான் நல்லவன் என்பதற்குத் தன் உள்ளமே சான்று என்று நேர்மையாக நம்புகிறான். உள்ளத்தின் சான்றையே பெரிதெனக் கொள்ளும் சமயத்திற்கு இவன் விடுக்கும் அறைகூவல் பெரிது. அகம் என்பதே மெய்ம்மையின் இருப்பிடமாயின், தன் அகத்தைச் சான்றாகக் காட்டும் இவனை எதனால் மறுப்பது? உள்ளமும் தன்னைத் தானே ஏமாற்றவல்லது என்பதே பனியனின் விடை. ஓடக்காரனின் துணையோடு ஆற்றை எளிதாகக் கடந்து வாயிலை அடையும் அறிவீனனிடம் அத்தாட்சிச் சுருள் இல்லை. அவன் கட்டுண்டு மலைப்பக்கத்துக் கதவொன்றினூடாகத் தள்ளப்படுகிறான். மோட்ச வாயிலிலிருந்தும் நரகத்திற்கு ஒரு வழி உண்டு என்னும் திகைப்போடு கனவு முடிகிறது.

உரைகல் எது?

ஆசாரமும் உரைகல் அன்று, அனுபவப் பேச்சும் உரைகல் அன்று, உள்ளத்தின் உறுதியும் உரைகல் அன்று எனின், மெய்யான உறவை அறிவது எங்ஙனம்? வாயாடியைப் பற்றிய பகுதியில் இதற்கொரு விடை கிடைக்கிறது. சமயத்தின் உயிர் அதன் நடைமுறைப் பகுதியே என்றும், இறுதித் தீர்ப்பிற் கேட்கப்படுவது செய்தாயா அன்றிப் பேசினாயா என்பதே என்றும் கிறிஸ்தியான் வாயிலாக ஆசிரியர் உணர்த்துகிறார். வீட்டாரும் பணியாளரும் அயலாரும் அறியத்தக்க வாழ்வே அங்கு சான்றாகிறது. இவ்வுரைகல் வலுவுள்ளது, பொதுவானது, சமய நம்பிக்கை அற்றவராலும் ஏற்கத்தக்கது.

ஆனால், அறிவீனன் தள்ளப்படுவது இவ்வுரைகல்லினால் அன்று. அவன் பிறருக்குத் தீங்கிழைத்ததாக நூலில் எங்கும் கூறப்படவில்லை. கிறிஸ்துவின் நீதி மனிதனுக்கு எவ்வாறு உரித்தாகிறது என்னும் கோட்பாட்டில் அவன் பிழைபடுகிறான். அதுவே அவனுக்கு எதிரான முதன்மைக் குற்றச்சாட்டு. ஈற்றில் அவனிடம் கேட்கப்படுவது ஒரு பத்திரம். உள்ளத்தின் உறவைப் போற்றும் நூல், தன் இறுதிக் காட்சியில் வாயிற்காவலின் ஒழுங்குமுறையை நாடுவது ஒரு முரண்பாடேயாகும். சுருளென்பது உள்ளார்ந்த உறுதிப்பாட்டின் குறியீடு எனச் சமாதானம் கூறலாம். எனினும், வாயாடியின் பகுதியில் உள்ள மனித அறிவின் முதிர்ச்சி இங்கு இல்லை. கல்வினியக் கோட்பாட்டின் இறுக்கம் கலைஞனை மேவிவிட்ட இடம் இதுவெனலாம்.

ஒரே காலம், வேறொரு கரை

பனியனின் எதிர்நிலையை அவரது மண்ணிலிருந்து பெயர்த்து எங்கும் பொருந்தும் சூத்திரமாகக் கொள்வது எத்துணைத் தவறு என்பதை ஈழத்து வரலாறு உணர்த்தும். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்களது சீர்திருத்தத் திருச்சபை, பனியன் சார்ந்த அதே கல்வினிய மரபிற் கிளைத்தது. உருவ வழிபாட்டையும் சடங்கையும் வெறுத்தது. வேதவசனத்தையே பெரிதாகக் கொண்டது. ஆயின், யாழ்ப்பாணத்தில் அதுவே அரசாங்கச் சமயமாயிற்று. பதவி பெறவும் திருமணத்தைப் பதிவு செய்யவும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. கோயிற் பள்ளிக்கூடங்களின் தோம்புகளிற் பெயர்கள் ஏறின. தோம்பிற் பெருகிய கிறிஸ்தவம், 1796உடன் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் பெரும்பாலும் கரைந்து போயிற்று. பெயரளவிற் கிறிஸ்தவராயிருந்தோர் வெளிப்படையாகச் சைவராயினர். அதற்கு முந்திய போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றி, விரதநாளில் உண்ட இலையை அயலார் காணாது கூரையிற் செருகிய சைவர் பற்றிய செவிவழிச் செய்தியும் யாழ்ப்பாணத்தில் வழங்குகிறது. கட்டாயத்தினாற் பெருகிய எச்சமயத்திற்கும் இது பொது.

இவ்வொல்லாந்தர் ஆட்சிக் காலத்திலேயே, 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் எளிய கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த காலம் அது. அவர் கழுத்திற் செபமாலையை அணிந்து வீடுவீடாக இரந்து சென்று, அதனை இனங்கண்டு கொள்வோர் யாவர் என ஆராய்ந்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் திரட்டினார் என்று அவரது வரலாறு கூறுகிறது. சில்லாலை அவரது பணியின் நடுநிலையமாயிற்று. 2015இல் அவர் புனிதராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அதே காலத்தில் இங்கிலாந்திற் பனியன் உயிரோடிருந்தார். செபமாலையும் எழுதிவைத்த மன்றாட்டும் அவர் பார்வையில் வெறும் ஆசாரங்கள். யாழ்ப்பாணத்திலோ நிலைமை தலைகீழானது. வேதவசனச் சமயம் தோம்பிலும் பதவியிலும் உறைந்து கிடக்க, செபமாலையே உயிரைப் பணயம் வைத்த அன்பின் அடையாளமாயிற்று. சடங்கு உயிருள்ளதா உயிரற்றதா என்பதைச் சடங்கின் வடிவம் தீர்மானிப்பதில்லை. அது எவ்விலை கொடுத்துக் கைக்கொள்ளப்படுகிறது என்பதே தீர்மானிக்கிறது. பனியன் காட்டிய மலை இரு கரைகளிலும் ஒன்றே. அதனை ஏறியோர் கையிலிருந்த பொருள்களே வேறு.

தனிவழியும் கூட்டுவழியும்

‘தனிப்பட்ட’ உறவு என்னும் தொடரிற் பிறிதோர் இடரும் உண்டு. கிறிஸ்தியான் புறப்படும் காட்சியில் மனைவியும் மக்களும் கூவியழைக்க, அவன் காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு ஓடுகிறான். மீட்பின் அவசரத்தைக் காட்டும் இக்காட்சி வாசகருள் ஒருவகைக் கூச்சத்தையும் எழுப்புகிறது. தன் ஆன்மாவின் நலத்தை மட்டும் நாடுவது நுண்ணிய தன்னலமாகாதா?

1684இல் வெளிவந்த இரண்டாம் பாகம் இதற்கு விடையாக அமைகிறது. அங்கு கிறிஸ்தியானின் மனைவி, அவள் பிள்ளைகள், இளம்பெண் ஒருத்தி ஆகியோர் வழித்துணையோடு கூட்டமாகச் செல்கின்றனர். வழியில் ஊன்றுகோலோடு நொண்டி நடப்பவன், மனத்திடமற்றவன், அச்சமே உருவானவள் முதலியோர் அவர்களோடு சேர்கின்றனர். வலியோர் நலிந்தோரின் நடைக்கேற்பத் தம் நடையைத் தளர்த்துகின்றனர். முதற்பாகத்தின் இறுக்கம் இங்கு நெகிழ்ந்துவிடுகிறது. கலைச்செறிவில் இரண்டாம் பாகம் குறைந்ததென்பது பொதுவான மதிப்பீடு. ஆயினும், கருத்து முதிர்ச்சியில் அது முன்னதை நிறைவு செய்கிறது. பெட்போர்ட் வாயிலில் வெயில் காய்ந்த ஏழைப் பெண்களும் கூடியிருந்தே பேசினர் என்பது நினைவுகூரத்தக்கது. இறையுறவு தனிப்பட்டதாயிருக்கலாம், தனித்ததாக இருத்தல் இயலாது.

தமிழில் யாத்திரிகம்

பனியனின் நூல் தமிழுக்கு உரைநடையிலும் செய்யுளிலும் வந்து சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) அதனைத் தழுவி இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலிய மொழிபெயர்ப்பை மேற்கொண்ட பேர்சிவல் பாதிரியார் பின்னர் சென்னையில் நடத்திய ‘தினவர்த்தமானி’யில் கிருஷ்ணபிள்ளையும் பணியாற்றியவர் என்பது ஈழத்தவர் அறியத்தக்க செய்தி.

பாத்திரம் ஒட்டுபவரின் பேச்சுநடை உரைநடை, இங்கு கம்பனின் வழிவந்த விருத்தமாகிறது. பருவமும் படலமுமாக விரிகிறது. பனியன் உதறித் தள்ளிய அலங்காரம் யாவும் காப்பிய மரபின் வழியே மீண்டும் வந்து குடிபுகுகின்றன. வழிப்போக்கரின் வாய்ப்பேச்சில் உயிர்பெற்ற அங்கதக் கூர்மை, செய்யுளின் கம்பீரத்தில் ஓரளவு மழுங்கியே தீரும். வெறும் ஆசாரத்தைச் சாடும் கதையை மரபின் முழு ஆசாரத்தோடும் பாடுதல் தகுமோ என்னும் வினா இயல்பானது.

இவ்வினாவுக்கு விடை, காப்பியத்தின் இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் உள்ளது. கதைப் போக்கினின்றும் விலகிப் புலவர் தம் குரலில் இறைவனிடம் முறையிடும் இடங்கள் அவை. பனியனிடமிருந்து பெற்றவை அல்ல அவை. ஆழ்வாரும் நாயன்மாரும் வகுத்த வழியிற் கிடைத்தவை. இறைவனைத் தாயாகவும் தலைவனாகவும் தோழனாகவும் விளித்துப் பேசும் மொழி தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பண்பட்டிருந்தது. புண்ணிய நதிகள் எத்தனையில் ஆடினும் இறைவனை எங்கும் உணராதார்க்குப் பயனில்லை என்று திருநாவுக்கரசர் பாடிய மண் இது. ஆகவே தமிழ் வாசகனுக்கு வெறுஞ்சமயம் பற்றிய கண்டனமோ நேரடி இறையன்போ அந்நியமானவை அல்ல. கிருஷ்ணபிள்ளையின் சாதனை, மேல்நாட்டார் தந்த அனுபவத்தைத் தமிழ்ப்படுத்தியது மட்டுமன்று. தமக்கே உரிய பக்திமொழியில் அவ்வனுபவத்தை உரைத்துப் பார்த்ததுமாகும். ஆங்கிலத்தில் மரபை உடைத்தபோது வெளிப்பட்ட அகம், தமிழில் மரபின் ஆழத்திற் சென்றபோது வெளிப்பட்டது.

நிறைவுரை

ஆசாரம் பொய், அனுபவம் மெய் என்னும் எளிய சமன்பாடு பனியனிடமிருந்து பெறத்தக்கதன்று. மதிலேறி வந்தவனும், வாயால் வாழ்ந்தவனும், தன் உள்ளத்தை ஐயுறாதவனும் ஒரே பாதையில் நடந்தனர். அவர்கள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராகத் தம்முள் அடையாளங் கண்டவரே அந்நூலாசிரியர். அவரது கோட்பாட்டு இறுக்கம் ஏற்கத்தக்கதன்று. ஆனால், தம்மைச் சோதித்த அவரது நேர்மை எச்சமயத்தாருக்கும், சமயம் சாராதாருக்கும் பயன்படுவது. இலட்சியங்களைப் பற்றிச் சளைக்காது பேசுவோர் சமயக் கூட்டங்களில் மட்டும் காணப்படுவதில்லை. கல்விக் கூடங்களிலும் அரசியல் மேடைகளிலும் வாயாடியின் உறவினர் பலர் உளர். அவர்களைச் சுட்டிக்காட்டுவது எளிது. பெட்போர்ட் தெருவில் ஏழைப் பெண்கள் முன் வாயடைத்து நின்ற மனிதனைப் போலத் தன் பேச்சின் வெறுமையைத் தானே கேட்டறிவது அரிது. ‘மோட்சப் பிரயாணம்’ அவ்வரிய செயலிலிருந்து பிறந்தது. அதனாலேயே அது இன்றும் வாசிக்கத்தக்கதாயுள்ளது.